கூடத்தில் ஒளித்த ஓர் அடி

என் கணவருடைய அக்காவுக்கென்று தனியாக ஒரு சின்ன வீடு வந்திருக்கும். அது வராமல் செய்தவள் நான்.

இது என் கணவருக்குத் தெரியாது. அவருடைய அக்காவுக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அண்ணிக்கும் ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அவரைப் பிடிக்காமல் நான் இதைச் செய்திருந்தால் இன்று இவ்வளவு வெட்கப்பட மாட்டேன்... பிடித்திருந்தது! அளவுக்கு மீறிப் பிடித்திருந்தது. வினையே அங்கிருந்துதான் தொடங்கியது.

அப்போது நாங்கள் செங்கம் சாலையில், மலையடிவார ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. எங்களோடு இருந்த அண்ணி பக்கத்திலிருந்த விடுதி ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குக் காலைச் சமையல் செய்துவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுவார். அந்த வெள்ளைக்காரர்கள் காரமில்லாத சட்னி கேட்பதை ஏதோ தன் பிள்ளைகளின் உடம்புக்கு வந்த கோளாறு மாதிரி வருத்தத்தோடு சொல்லுவார்.

என் லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கும் தோழி ஏற்றிக் கொடுத்தது. சண்டை கிடையாது, துப்பாக்கி கிடையாது. மனிதர்களை உண்டாக்கி, ஒரு மனையைத் தேர்ந்தெடுத்து, வீடு கட்டி, குடிவைத்து, அவர்களைப் பிழைக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு விடுமுறை நாள் மதியம் விளையாட்டாகத்தான் திறந்தேன். அண்ணி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று கீரை ஆய்ந்து முடிக்கவே இல்லை.

எடுத்த எடுப்பில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஊரிலேயே பெரிய மனையை எடுத்தேன். வாடகை வீட்டுக்காரியின் புத்தி! இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கண் எட்டாத மாளிகை. என்னையும் கணவரையும் போல இரண்டு பேரைச் செய்து அதில் விட்டேன். பாவம், படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போவதற்குள் அந்த மனிதருக்கு அவசரம் முற்றி நடுவழியிலேயே ஆகிவிட்டது. சமையலறைக்கு நடந்து, சாப்பிட்டு, வாசலுக்கு நடந்து வருவதற்குள் வேலைக்கு நேரமாகிவிட்டது. அண்ணி சிரித்த சிரிப்பில் கீரை முறம் கவிழ்ந்தது.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ ஜாஸ்தி இடம்? என் தம்பிய நடக்க வெச்சே கொன்னுடுவ போல," என்றார்.

பிறகு நடுத்தரமான மனைக்கு மாறினோம். அப்போதுதான் அண்ணி சாஸ்திரத்தைக் கொண்டுவந்தார். விளையாட்டில் தரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். ஒரு கட்டம் ஓர் அடி என்று அவரே முடிவுசெய்துகொண்டு, அறைக்கு அறை மனையடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். பத்து நல்லது. பதினொன்று நல்லது. பதினாறு, பதினேழு ரொம்ப நல்லது. ஒன்பது? ஆகவே ஆகாது! சுவரை இழுத்துக்கொண்டு போகும் என் விரல் ஒன்பதில் நின்றால் என் மணிக்கட்டையே பிடித்துவிடுவார். அந்தக் கட்டம் உண்மையில் ஓர் அடியைவிட எவ்வளவோ பெரியது. அதனால் எங்கள் அறைகளில் கட்டில்கள் கல்யாண மண்டபத்தில் மறந்துவைத்த நாற்காலிகளைப் போலக் கிடந்தன. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் எண்ணும்போது அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ஒருநாள் கேட்டேன், "அண்ணி, உங்களையும் செஞ்சிடலாமா? எங்க வீட்டுல மாடி ரூம் சும்மாதான இருக்குது."

அவர் திரையில் தெரிந்த ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்த ஊர்ல எல்லாத்தையும்விட சின்ன மனை எதும்மா?" என்று கேட்டார்.

காட்டினேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

"அது எனக்கு," என்றார்.

பத்துக்குப் பதினொன்றில் ஒரே ஓர் அறை. ஒரு மூலையில் அடுப்பு. ஒரு கட்டில், ஒரு நாற்காலி. ஒரே ஒரு நாற்காலி! பெரிய ஜன்னல் ஒன்று. "இந்த ஊர்ல மலையே இல்லியா?" என்று இரண்டு மூன்று முறை கேட்டு ஏமாந்துவிட்டு, மலை இருந்தால் எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கம் ஜன்னலை வைக்கச் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"இந்தக் கதவ நான் மட்டும் தெறக்கற மாதிரி வெக்க முடியுமா?"

முடியும். வைத்தேன். திரையில் அந்தக் குட்டி அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்து, என் பக்கத்திலிருந்த அண்ணி பெருமூச்சு விட்டார்.

அன்றுதான் அவர் எனக்குச் சொன்னார். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். கல்யாணமான புதிதிலேயே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பக்கத்தில், நடையில்தான் படுக்கை. அவர் கணவர் இறந்த பிறகும் அதே நடை. அங்கிருந்து தம்பி வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் வாடகை வீட்டின் கூடம்.

"உள்தாப்பா போட்டுக்குனு ஒரு நாள் தூங்கனது கெடையாது மாலதி. எவ்ளோ கம்மி இடமா இருந்தாலும் சரி, எனக்குனு ஒரு வாசல் இருக்கணும். நானே தண்ணி தெளிச்சி நானே கோலம் போட்டுக்கணும்." பிறகு என் கையைத் தட்டி, "இத தம்பிகிட்ட சொல்லிடாத. நாம சரியா பாத்துக்கலியோனு சங்கடப்படுவான். பேச்சுக்கு சொன்னேன்," என்றார்.

பேச்சுக்குச் சொன்னதா, மனசிலிருந்து சொன்னதா என்று எனக்குத் தெரியாதா? ஒரு மனிதர் தன் ஆசையை அளவு போட்டு, ஜன்னல் வைத்து, கதவு பூட்டிக் காட்டிய பிறகும் தெரியவில்லை என்றால் நான் என்ன தமிழாசிரியை!

அடுத்த தை மாதம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் நாங்கள் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டத் தீர்மானித்தோம். நான் அப்போது கருவுற்றிருந்தேன். வாந்தி, மயக்கம், காரணமில்லாத அழுகை. பள்ளியிலிருந்து வந்தால் அண்ணியின் மடியில்தான் தலை. இரவில் எனக்குப் புரைக்கேறினால் அண்ணிக்குத் தூக்கம் கலையும்.

கணவர் வீடியோ காலில் வந்தார். "மாலதி, அக்காவுக்கு உள்ளயே ஒரு ரூம் போட்டுடலாமா, இல்ல சைடுல தனியா ஒரு ரூமு, பாத்ரூமு, சின்னதா கிச்சன் வெச்சி தனி வாசலா விட்டுடலாமா? என்னைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். அக்காவுக்கு எது புடிக்கும்னு நீ பேசிப் பாரு. என்கிட்ட வாயத் தெறக்க மாட்டாங்க."

எவ்வளவு நல்ல மனிதர் பாருங்கள்! பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம்... அதைச் சொல்லாமல், "கேட்டுட்டு சொல்றேங்க," என்றேன்.

ஏன் சொல்லவில்லை? இதை நான் எனக்குள் எத்தனையோ தரம் கேட்டாயிற்று. பயம்! தனிக் கதவு வந்துவிட்டால் அது சாத்தப்படும். சாத்தினால் நான் தட்ட வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கணவர் இல்லாத வீட்டில், தட்டித்தான் அவரைக் கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. எத்தனை தூரம்? நாலு எட்டு வைத்தால் வந்துவிடும் தூரம்! அதைக்கூட விட்டுத்தர முடியாத என் பிடிவாதத்துக்கு நான் அன்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் தனியாக மனைக்குப் போனேன். மேஸ்திரி தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹால் பதினேழு போட்டிருக்கேம்மா. சைடுல ஒம்பது மிச்சம் வருது. தனி ரூம் வேணும்னா ஹால பதினாறு ஆக்கிட்டா இங்க பத்து வந்துடும். பதினாறும் நல்ல அளவுதான்," என்றார்.

ஓர் அடி. அவர் காலால் அழித்து, ஒரு முழம் தள்ளிக்கூட வேண்டாம், அதற்கும் குறைவாகத் தள்ளி இன்னொரு கோடு போட்டால் முடிந்தது. கையில் சுண்ணாம்போடு காத்துக்கொண்டு நின்றார்.

"பதினேழாவே இருக்கட்டும் மேஸ்திரி," என்றேன்.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. கணவர் என்றைக்காவது அண்ணியையே நேராகக் கேட்டுவிட்டால்? அதனால் அண்ணியின் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்கத் துணிந்தேன். அன்று மாலை சாதாரணமாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"அவரு உங்களுக்கு சைடுல தனியா வீடு போடலாமானு கேட்டாரு அண்ணி."

"தனியாவா?" என்றார். அந்த முகத்தை எப்படி எழுதுவேன்... அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "தனி வாசலாவா?"

"ஆமா. ஆனா மேஸ்திரி அளந்து பாத்தாரு. ஒம்பதுதான் வருதாம்."

அண்ணி மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒம்பதா... ஒம்பது ஆவாதும்மா. கைக்கொழந்த வரப்போற வீடு," என்றார். தணித்த தீயைக் கூட்டி வைத்துவிட்டு, "வுடு. உள்ளயே எங்கனா ஒரு ஓரமா படுத்துக்கறேன். தம்பிகிட்ட நானே சொல்லிடறேன்," என்றார்.

சொல்லியும்விட்டார். "எனக்கு எதுக்குடா தனி வீடு, மாலதிகூடவே இருந்துக்கறேன்," என்று அவர் ஃபோனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் சோறு சாப்பிட்டேன்.

நான் சொன்னது பொய்யா? ஒன்பது வந்தது உண்மைதானே! இப்படி ஒரு வக்கீல் எனக்குள் இருக்கிறாள். அவளுக்குச் சம்பளமே வேண்டாம், கூப்பிடாமலே வந்து வாதாடுவாள். ஒன்பது வந்தது உண்மை. அதைப் பத்தாக விடாமல் ஒன்பதாகவே நிறுத்தியவள் நான்.

புதுமனை புகுவிழாவில் வந்தவர்களையெல்லாம் அண்ணிதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "ஹாலைப் பாருங்க, பதினேழு அடி. ராஜாவாட்டம் இருக்கலாம்," என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொன்னார். நான் கையிலிருந்த கேசரியை அப்படியே வைத்துவிட்டேன்.

அவருக்கு உள்ளே நல்ல அறைதான் கொடுத்தேன். பத்துக்குப் பதினொன்று! அந்த அளவையே கொடுத்தேன். என் மனசாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம் அது. அதற்கும் உள்தாழ்ப்பாள் உண்டு. ஆனால் ஒருநாளும் போட முடிந்ததில்லை. என் மகள் யாழினி பிறந்த நாளிலிருந்து அங்கேதான் வளர்ந்தாள். அவளுடைய தொட்டில், பிறகு அவளுடைய பொம்மைகள், என் விடைத்தாள் கட்டுகள், இஸ்திரி போட வேண்டிய துணிகள் எல்லாம் அந்த அறைக்குத்தான் போயின. அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "மாலதி எனக்குப் பொறந்திருக்க வேண்டியவ," என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்து வீட்டம்மாள் அதை என்னிடம் வந்து சொன்னபோது நான் துணி துவைக்கிற சாக்கில் பின்பக்கம் போய் அழுதேன். அழுதுவிட்டுத் திரும்பி வந்து அண்ணியிடம் வேறு எதையோ பேசினேன்.

போன கோடை விடுமுறையில் யாழினி அந்தப் பழைய லேப்டாப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். விளையாட்டு அப்படியே இருந்தது. அண்ணி அவளை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு மாதிரியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீடும், எதிரே அந்தச் சின்ன மனையும் தெரிந்தன.

"அத்தே, அது யார் வீடு?" என்று கேட்டாள் யாழினி.

"அது அத்தை வூடு."

"நீ ஏன் அங்க தனியா இருக்கற?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி அவள் தலையைத் தடவினார். "இல்ல கண்ணு, அங்க இல்ல. மாலதி, என்னை அங்கருந்து எடுத்து உங்க வூட்டுக்குள்ள வெச்சிடு. அந்த வூட்ட எடுத்துடு. கொழந்த பாத்துப் பாத்து ஏங்குது."

குட்டி அண்ணியை எங்கள் வீட்டுக்கு மாற்றினேன். பிறகு அந்த வீட்டை இடிக்கும் பொத்தானைத் தொட்டேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"இன்னா கேக்குது?" என்றார் அண்ணி.

"நெஜமாவே இடிச்சிடலாமானு கேக்குது அண்ணி."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜன்னல் நல்லா வெச்சிருந்தோம் இல்ல," என்றார். அப்புறம், "ம்... அமுக்கு," என்றார்.

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாருமில்லை. அவரும் நானும் ஒரு சின்னப் பெண்ணும்தான். சொன்னால் அவர் கத்த மாட்டார், விலகிப் போகவும் மாட்டார் என்று எனக்குத் தெரியும். "அதனால இன்னா வுடு" என்றுதான் சொல்லியிருப்பார். அதைக் கேட்கத்தான் எனக்குத் தைரியமில்லை.

அமுக்கினேன். சுவர்கள் போய், ஜன்னல் போய், வெறும் புல்தரை மிஞ்சியது. யாழினி கைதட்டினாள். அண்ணி அவளை இறக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"டீ போடட்டா?" என்று கேட்டார்.

"சக்கர கம்மியா போடுங்க அண்ணி," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.