வெட்டச் சொன்ன பந்தி

பாலையூற்றில் கமலேஸ்வரியைப்போல் ஆங்கிலம் எழுத வேறு பிள்ளை இல்லை என்று, துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த தகப்பன் அருளம்பலம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். அவளும் அதை நம்பினாள். தொண்ணூற்றாறில் வெளிநாட்டுக் கல்லூரியொன்று மாவட்டத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு இடமும் செலவும் தருவதாக அறிவித்து, ‘உம்மைப் பற்றி எழுதும்’ என்று கட்டுரை கேட்டது. அந்த இடம் தனக்குத்தான் என்று அவள் சட்டை தைக்கவும் கொடுத்துவிட்டாள்.

சமாதானம், விடியல், வெள்ளைப் புறா என்று பக்கத்தை நிரப்பினாள். யுத்தம் பந்திக்குப் பந்தி வந்தது. அவள் மட்டும் எங்கும் வரவில்லை.

மீன்பிடிக் கிராமமான சல்லியிலிருந்து வந்து கூடப் படித்த புஷ்பவதி, தன் கட்டுரையைத் திருத்தித் தரும்படி அவளிடம் நீட்டினாள். பிழை மலிந்த எழுத்து. ஆனால் நடுவில் ஏழெட்டு வரியில் ஒரு பந்தி இருந்தது. நேவி கடலுக்குப் போகத் தடை போட்டதும் வீட்டில் அடுப்பு எரிவது அரிதாகிப் போனதாம். அவளுக்கோ உள்ளுக்குள் சந்தோசமாம், வகுப்பில் பக்கத்து வாங்கில் இருப்பவள் இனி மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தமாட்டாள் என்று. ஒருநாள் தகப்பன் சும்மா இருக்க ஏலாமல், கிழியாத வலையை மடியில் போட்டுப் பொத்தித் தைத்துக்கொண்டிருந்ததைக் கண்டாளாம். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லையாம்.

பக்கத்து வாங்கில் இருந்தவள் கமலேஸ்வரிதான். ஆனால் அவளைச் சுட்டது அதுவல்ல. இப்படி ஒரு பந்தி தன் கையால் வரவில்லையே என்பதுதான்.

“உந்தப் பந்தியை வெட்டிவிடு. உங்கட வீட்டு மானமெல்லே போகும்” என்றாள்.

புஷ்பவதி பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டு கட்டுரையை அனுப்பினாள். இடம் அவளுக்கே கிடைத்தது.

பயணம் சொல்ல வந்த அன்று கமலேஸ்வரி தேத்தண்ணி கொடுத்து, முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டாள். போகும்போது புஷ்பவதி படலையில் நின்று மெல்லச் சொன்னாள்: “நீ வெட்டச் சொன்னபடியால்தான் அது நல்ல பந்தி எண்டு எனக்கு விளங்கினது.”

அதன்பிறகு கமலேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. மீன்காரி கூவிக்கொண்டு போனாலும் எரிச்சல் வந்தது. அடுத்த வருடம் அதே கல்லூரி மறுபடி விண்ணப்பம் கேட்டபோது, புறாக்களை விட்டுவிட்டுக் கடலை எழுதினாள். தகப்பனைத் தோணிக்காரனாக்கினாள். பட்டினியும் கண்ணீரும் தாராளமாக வைத்தாள். நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள்.

அங்கே இருந்த தமிழ் அம்மையார் கட்டுரையைப் புரட்டிவிட்டு அன்பாகத்தான் கேட்டார்: “அப்பா கடலால வரப் பிந்தினால் வீட்டில என்ன செய்வீங்கள்?”

அப்பா பின்னேரம் சைக்கிளில் வருவார், வந்ததும் ரேடியோவைத் திருப்புவார், அவ்வளவுதான் கமலேஸ்வரிக்குத் தெரியும்.

“கடலுக்குப் போறது என்ர அப்பா இல்லை” என்றாள். “என்ர சிநேகிதியின்ர அப்பா.”

“அப்ப ஏன் எழுதினனீர்?”

“அவளுக்குக் கிடைச்சிட்டுது. எனக்கு அது பொறுக்க ஏலாமல் கிடந்தது.”

அம்மையார் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, நீர் போகலாம் என்றார்.

இடம் கிடைக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றிய பிறகு, பஸ் நின்ற கடையில் இரண்டு கோப்பை நிறையச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். கூட வந்த அருளம்பலம் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கப் போனாள். அந்த ஊர் யோகராசாவைக் கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டாள். பனிக்குள் நின்று எடுத்த படங்களைப் புஷ்பவதி அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரியும். எரிவதை மறைக்காமல் அப்படியே அவளுக்கு எழுதிவிடுவாள். அந்தக் கடிதங்கள் நீளமானவை, நல்லவை என்று யோகராசா சொல்வான்.