நீலப் பூவுக்கு வந்த வண்டி

பெரியப்பாவின் படிகாரக் கட்டி பழைய பால்மா டின்னுக்குள் இன்னும் எங்கள் அடுப்படியில் கிடக்கிறது.

இலங்கை மலையகத்தில், நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பூந்தோட்டம்தான் அவருக்கு வேலை. ஹைட்ரேஞ்சியாவை நாங்கள் பங்களாப்பூ என்போம். தேயிலை மண்ணில் அது தானாகவே நீலமாகப் பூக்கும். சுவரோரத்தில் மட்டும் சுவர்ச் சுண்ணாம்பு மண்ணில் ஊறி ரோஸ் நிறமாகிவிடும். துரைக்கு அங்கேயும் நீலம்தான் வேண்டும். படிகாரம் போட்டால்தான் அங்கே நீலம் வரும்; அது தீர்ந்தால் வாங்கிவரப் பதுளை டவுனுக்குத் துரையின் வண்டியே போகும். பெரியப்பா அதைக் கரைத்து, மொட்டு வருமுன்பே வேரடியில் ஊற்றுவார். அந்த அளவு அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடமாட நின்ற எனக்கும் தெரியும்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கல். வலி வந்தால் மண்வெட்டியைப் பிடித்தபடி குந்திவிடுவார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி மாத்திரையைத் தவிர ஒன்றுமில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டால், "விருந்தாளிங்க வாராங்க, பூ முடியட்டும்" என்பார் துரை. அப்போதுதான் நான், நாலெழுத்துப் படித்த திமிரில், போனில் பார்த்ததைச் சொன்னேன்.

"பெரியப்பா, பங்களாப்பூ வேரு கல்லக் கரைக்குமாம். அமெரிக்காவுல அந்தக் காலத்துலயே அவிச்சுக் குடிச்சாங்களாம்."

"அடி ஆத்தே! காலடியில வச்சுக்கிட்டா இவ்வளவு நாளா துடிச்சேன்?" என்று சிரித்தார். எந்த இனத்து வேர் என்று கீழே எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பங்களாப்பூ வேரை அவித்து இரண்டு கிழமை, பதினாலு நாள், குடித்தார். வாந்தி, தலைசுற்றல். "கல்லு கரையுது புள்ள" என்றார். ஒருநாள் காலை பூப்பாத்தியிலேயே சுருண்டு விழுந்தார். பங்களா வாசலில் வண்டி சும்மாதான் நின்றது. "சீட்டு அழுக்காகிடும், கொழுந்து லொறியில ஏத்துங்க" என்றார் துரை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டு முடிக்கும்வரை அந்த லொறி அசையவில்லை. வேரைக் குடித்ததைச் சொன்னேன். "நீ போன்ல பாத்தது காட்டுல வளர்ற வேற இனம்மா, இது நஞ்சு. கல்லும் அடைச்சுக் கிட்னி ரெண்டும் போச்சு. முந்தியே கொண்டு வந்திருக்கணும்" என்றார் பதுளை ஆஸ்பத்திரி டாக்டர். மூன்றாம் நாள் பெரியப்பா போய்விட்டார். துரை சாவு வீட்டுப் பக்கமே வரவில்லை.

போன மாதம் பங்களாச் சமையல்காரர் வந்தார். சுவரோரமெல்லாம் ரோஸாகப் பூத்துவிட்டதாம்.

"படிகாரம் எவ்வளவு போடுவாருன்னு தொரை கேட்டாரும்மா. ஒனக்குத்தான் தெரியும்னு தோட்டத்துல சொன்னாங்க."

எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். வெளியே கை காட்டினார். எங்கள் லயத்து வீட்டு வாசலில் துரையின் அதே வண்டி. டின் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.