ஆவுர் தீவுக்கு அப்பால் கண்ட ஓர்காக்கள்

விடியும் முன்பே, மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் படகுத்துறையை விட்டுக் கிளம்பினோம். நான் ஆலையில் வேலை செய்யும் பாசிர் கூடாங்கிலிருந்து கோத்தா திங்கி வழியாக நூற்றுமுப்பது கிலோமீட்டருக்கு மேல் முந்தின நாளே கார் ஓட்டி வந்திருந்தேன். அக்கா விமலா கடலில் டால்பின்களை ஆராய்கிறவள். அவளுடைய உதவியாளருக்குக் காய்ச்சல். "சும்மா கேமரா பிடிக்க ஒரு ஆள் வேணும்டா" என்று என்னை அழைத்துவிட்டாள். எனக்கு நீச்சல் தெரியாது.

ஆராய்ச்சிப் படகு என்றால் ஏதோ கப்பல் என்று நினைத்திருந்தேன். அது பாக் டின் என்ற மலாய்க்காரரின் பழைய மரப்படகு. துறையில் இரண்டு வெள்ளி ஐம்பது காசுக்கு வாங்கித் தின்ற நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பாதி தூரம் போவதற்குள் கடலுக்கே கொடுத்தேன்.

பத்து மணிவாக்கில் ஆவுர் தீவு தெரிந்தது. அதைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் பாக் டின் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார்.

"டியாம்" என்றார். சத்தம் போடாதே என்று அர்த்தம்.

கறுப்பு முதுகுத் துடுப்பு ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. என்னைவிட உயரம் இருக்கும். பின்னால் இன்னும் ஆறு. அவற்றில் ஒன்று குட்டி.

"ஓர்காடா தம்பி! இந்தக் கடல்ல ஓர்கா!" என்றாள் அக்கா. கொலைத் திமிங்கிலம் என்பார்களே, அதுதான். நான் கேமராவைத் தூக்கினேன். அவசரத்தில் முதல் படங்களில் வானம்தான் விழுந்தது.

நாங்கள் அவற்றை நெருங்கவில்லை. அவைதான் வந்தன. பெரியது படகுக்கு அடியில் புகுந்து போனபோது, எங்கள் ஆலையின் டாங்கர் லாரி ஒன்று காலுக்குக் கீழே நகர்வது போலிருந்தது. மறுபுறம் எழுந்து மூச்சுவிட்டது. மீன் நாற்றமடித்த தூறல் என் முகத்தில் தெறித்தது. நான் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் கிழக்கே மேகம் கறுத்தது. காற்று எங்களைத் தீவின் பாறைகளை நோக்கித் தள்ளியது. பாக் டின் இன்ஜினை முடுக்கினார். அது உறுமி, திக்கி, நின்றது. யாரோ கடலில் விட்டுப்போன வலை, புரொப்பெல்லரில் சுற்றியிருந்தது.

"அலமாக்!" என்றார். அவரால் இறங்க முடியாது. தோளில் அறுவை சிகிச்சை செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அக்கா தன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை என்னிடம் தந்தாள்.

"வேணாம்க்கா."

"கடல்ல திரியற ஓர்கா மனுஷன கொன்னதா எங்கேயும் பதிவு இல்லடா."

"பதிவு பண்ண ஆள் திரும்பி வரணுமே!"

அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு தடவ இழுத்தா, தூக்கு" என்று சொல்லி, கத்தியோடு இறங்கினாள்.

முதல் முறை மூழ்கி, எழுந்து, மூச்சு வாங்கினாள். இரண்டாம் முறையும் அப்படித்தான். மூன்றாம் முறை அவள் மூழ்கியபோது, சுற்றிலும் தெரிந்த துடுப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. துடுப்புகள் தெரிந்தவரை எனக்கு இருந்தது பயம். அவை மறைந்த பிறகு வந்ததற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. பாறையில் அலை மோதும் சத்தம் கேட்டது. கயிறு என் கையில் செத்துக் கிடந்தது. மாரியம்மா, மாரியம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தது என் வாய்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

இரண்டு இழுப்பு.

இழுத்தேன். பாக் டினும் ஒற்றைக் கையால் பிடித்தார். பலகையில் வந்து விழுந்த அக்காவின் பிடியில் வலைத்துண்டு இருந்தது. இன்ஜின் பிடித்தது. பாறைகள் பின்னால் போயின. மழை கொட்டியது. திரும்பிப் பார்த்தேன், கடலில் ஒன்றுமே இல்லை.

எங்கள் ஆலையில் ஆபத்து வந்தால் சைரன் ஊதும். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். மெர்சிங் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறையில் இறங்கி, அக்காவுக்குத் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ என்னக்கா பார்த்த?"

"பெருசு. தலைகீழா நின்னுக்கிட்டு என்னையே பார்த்துச்சு. ரொம்ப கிட்ட." தேநீரை ஒரு வாய் குடித்தாள். "இருபது வருஷமா இதுங்கள ஒரு தடவ பாத்துட மாட்டோமான்னு அலைஞ்சேன்டா. பாத்தப்போ, போயிடு சாமி, போயிடுன்னு கும்பிட்டேன்."