மகள் எழுதிய புத்தகம்

மே ஆறாம் திகதி, புதன்கிழமை, காலை பத்து இருபது. மழைக்கு முந்திய புழுக்கம். வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் என் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பல்கலைக்கழக மாணவி. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. பேசுமுன் பேனா மூடியைக் கழற்றி மாட்டும் பழக்கம்.

அவளுடைய ஆய்வுக் கட்டுரையின் உசாத்துணை நூற்பட்டியலைத் திரையில் பார்த்த கடைக்காரர் தயங்கினார்.

"தங்கச்சி, லெக்சரர் சிவப்பால திருத்தினதை நீங்க மாத்தேல்லையே. ஒரு பிழைக்கு ஒரு புள்ளி வெட்டுவாராம் எண்டு எழுதியிருக்கு."

"மாத்த மாட்டன் அண்ணை. அப்பிடியே அடியுங்கோ."

நூலாசிரியரின் கடைசிப் பெயரை முன்னால் போட வேண்டும் என்பது விதி; லெக்சரர் அப்படித்தான் திருத்தியிருந்தார். புத்தக அட்டையில் நம்மவர் பலருக்குக் கடைசியில் நிற்பது தகப்பன் பெயர். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பிள்ளை, கேட்டபடி போட்டுப் புள்ளியை எடுமன்."

பேனா மூடி கழன்றது. "புத்தகம் எழுதினது மகள், ஐயா. தகப்பன்ர பேரை ஏன் போடுவான்? ஆஸ்பத்திரியில உங்கட அப்பான்ர பேரைக் கூப்பிட்டா நீங்க எழும்பிப் போவீங்களோ?"

"போறனான்தான்," என்றேன். போன கிழமையும் போயிருந்தேன்.

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அதாலதான் இன்னும் அப்பிடிக் கூப்பிடினம்."

அச்சான பட்டியலை அவள் சரிபார்த்தபோது நானும் எட்டிப் பார்த்து எண்ணினேன். தமிழ் ஆசிரியர்கள் ஒன்பது பேரும் சொந்தப் பெயரிலேயே நின்றார்கள். அவள் செய்தது புத்தியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. பிழைக்கு ஒன்றாக அவள் இழக்கப்போவது ஒன்பது புள்ளி.