பவனா நீரில் எழும்பிய பலகை

புனேவுக்கு மேற்கே, பவனா அணை நீர்த்தேக்கத்தின் கரையில் டீக்காக டாக்ஸியை நிறுத்தச் சொல்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் சறுக்குப் பலகையோடு மல்லாடிக்கொண்டிருக்கிறார். பலகைக்கு அடியில் நீண்ட தண்டு, அதன் முனையில் விமான இறக்கை போல ஒன்று. கையில் பிடித்திருக்கும் பாயில் காற்று நிறைந்து வேகம் கூடினால், அந்த இறக்கை பலகையையே நீருக்கு மேலே தூக்கிவிடுமாம்; டீக்கடைக்காரர் சொல்கிறார்.

நான் போனில் தமிழில் பேசுவதைக் கேட்டுக் கரையேறி வருகிறார். பெயர் ஜெசிந்தா, தேஹு ரோட்டில் பள்ளி ஆசிரியை. இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு.

"கடல் பக்கம் போய்க் கத்துக்கலாமே?"

"அதுக்கு லீவ் எங்க கிடைக்குது? இங்க அலை இல்ல, ஆனா ஹவா இருக்கு, நல்ல காத்து. போதும்."

"பலகை எழும்புதா?"

"இன்னும் இல்ல. முதல்ல பின்னால விழுவேன், இப்ப முன்னால விழறேன். அதுவே ப்ரோகிரஸ்தான்."

மலையிலிருந்து காற்று இறங்குகிறது. ஜெசிந்தா நீரில் இறங்கிப் பலகைமேல் மண்டியிட்டு, மெல்ல எழுந்து நிற்கிறார். பலகையில் தண்ணீர் சளசளவென்று அடிக்கிறது. சட்டென்று அந்தச் சத்தம் நின்றுபோகிறது. பலகை நீரைத் தொடாமல் போகிறது. டீக்கடையில் இருந்த எல்லோரும் எழுந்து நிற்கிறோம்.

கொஞ்ச தூரத்தில் விழுகிறார். கரைக்கு வந்து, எழும்பியது எப்படி இருந்தது என்று சொல்வார் எனக் காத்திருக்கிறேன். அவரோ பலகையைத் திருப்பி, மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறார்.