முட்டியில் பட்டால் சேட் வருகிறார்

என் தம்பி பிரம்மநாயகம் பிழைப்பதே அடித்துத்தான். நசுங்கிப்போன எண்ணெய் டின்களை மொத்தமாக எடுத்து, கட்டையும் சுத்தியலும் வைத்து அடித்து நிமிர்த்தி, கழுவித் திரும்ப அனுப்புகிற பட்டறை அவனுடையது. தாராவியில் எங்கள் சந்துக்குள் வந்து டின் நாயகம் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஆனால் மனுசரை அடிக்கிற காரியத்தில் அவன் சுத்த உதவாக்கரை. பொறியில் விழுந்த எலியைக் கொல்ல மனசு வராமல், பொறியோடு மாஹிம் வரை நடந்துபோய் விட்டுவிட்டு வந்தவன். அந்த எலி அவனுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று நான் சொல்கிறேன். இது வேற எலி, அக்கா என்று அவன் இன்றைக்கும் சாதிக்கிறான்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே பம்பாய்க்கு வந்தவன். நான் கல்யாணமாகி வந்தேன். அவன் பட்டறைக்கு எதிர்வீட்டில்தான் நான் முறுக்கு சுடுகிறேன். அதனால் அவன் வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்காது. நடந்தால் நான் விடுவதும் இல்லை.

பட்டறைச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பிளாஸ்டிக் அரைக்கிற மெசின், உள்ளே டின் அடி. அங்கே போய் வாயால் பேசுகிறவன் பைத்தியக்காரன். ஆகவே தம்பியும் அவன் ஆட்களும் டின் மூடியை எறிந்துதான் பேசிக்கொள்வார்கள். முதுகில் பட்டால் டீ வந்திருக்கிறது. தோளில் பட்டால் இங்கே வா. முட்டியில் பட்டால் டின் கொடுக்கிற சேட் வருகிறார், பீடியை அணை. ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் எறிய வேண்டாம், அதே இடத்தில் ஓங்கி ஒரு தட்டு. கோபத்துக்கென்று அங்கே தனி அடி கிடையாது, கோபப்பட யாருக்கு நேரம்? இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது என்பதே எங்களுக்கு நினைவில்லை. தனக்கு மூக்கு இருப்பதை யார் நாள்பூராவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

தம்பி பெண்டாட்டி செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போகிறாள். அதனால் அவர்கள் மகள் பொன்செல்வி வளர்ந்ததெல்லாம் டின்களுக்கு நடுவில்தான். அவளை மாதுங்காவில் ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்கு எழுத்து வாசிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில் பஸ்ஸில் ஏறிவிடுவான். அங்கே எங்களுக்கு ஒருத்தரும் இல்லை, ஒரு வேலையும் இல்லை. வழியில் இருக்கிற போர்டையெல்லாம் அவள் சத்தமாக வாசிக்க வேண்டும், இவன் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பல் டாக்டர் போர்டை அவள் வாசித்ததைச் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுத்துவிட்டான்.

இரண்டாம் வகுப்பில்தான் வினை வந்தது. பொன்செல்வி பிள்ளைகளை அடிக்கிறாளாம். நிகில் என்கிற பையன் முதுகில் டஸ்டரை எறிந்தாளாம். ஒரு பிள்ளை தோளில் தண்ணீர்பாட்டில் மூடி. சாப்பாட்டு நேரத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முதுகிலும் தட்டிக்கொண்டே போனாளாம். எல்லாவற்றுக்கும் மேலே, வகுப்பு டீச்சர் முட்டியிலேயே ரப்பரை எறிந்திருக்கிறாள். இன்னொரு புகார் வந்தால் டிசி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குத் தம்பி சாப்பிடவில்லை. டிசி கொடுத்துவிட்டால் வேறு எந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளும் என்ற ஒரே கேள்விதான் அவன் வாயில்.

பிள்ளை ஏன் இப்படி ஆனாள் என்று சந்தே கூடி ஆராய்ச்சி செய்தது. மேல்வீட்டு மன்சூர் அலி பாய், எல்லாம் மொபைலால் வருகிற கேடு என்றார். அவர் கையில் இரண்டு மொபைல் இருந்தன. என் முறுக்கில் மிளகு கூடுதல், அதுதான் பிள்ளைக்குச் சூடு ஏறிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அன்றோடு முறுக்கு நிறுத்தினேன். நான் தாய்மாமன் குணம் என்று சொன்னேன். எந்தக் குறை வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் பெண்டாட்டி வகையைத்தான் சொல்வது. "எங்கண்ணன் கோழிய அறுக்கவே பயப்படுவான் மைனி" என்று தம்பி பெண்டாட்டி அழுதாள். மந்திரித்துக் கட்டிய கயிறு ஒரு வாரத்தில் டின் கழுவுகிற தண்ணீரில் ஊறிக் கழன்று விழுந்தது.

பிள்ளைகள் மனசைப் பார்க்கிற கவுன்சிலர் ஒருத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள், பெயர் ஸ்ரீதேவி, மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். வீட்டைப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்று நேரே பட்டறைக்கே வந்துவிட்டாள். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என்னென்னவோ கேட்டாள், வாய் அசைந்ததுதான் தெரிந்தது. தம்பி மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். அந்த நேரம் பார்த்து சந்து முனையில் சேட் தலை தெரிந்தது. உள்ளே இருந்த ஆள் ஒருத்தன், புது அம்மாவுக்கும் தெரியட்டும் என்று, ஒரு மூடியை எடுத்து அவள் முட்டியில் விட்டான். நல்ல குறி. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்து விழுந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"பெரியவாளே இப்படின்னா குழந்தை என்ன பண்ணும், சொல்லுங்கோ" என்றாள். "அவளை ஆத்துல அடிப்பேளா?"

"எம்மா, எந்தம்பி எலியவே அடிக்க மாட்டான்" என்றேன். அவள் நம்பவில்லை. முட்டி வீங்கியிருந்தது, நம்பச் சொன்னால் எப்படி?

மறுவாரம் பிரின்சிபால் அறையில் கூப்பிட்டார்கள். தம்பி பெண்டாட்டிக்கு டூட்டி. நானும் தம்பியும் பிள்ளையும் போனோம். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் வயிற்றில் நிற்காமல், தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். எதிரே பிரின்சிபால், ஸ்ரீதேவி, நிகிலுடைய அப்பா. வீட்டில் அடித்து வளர்க்கிறார்கள், அதனால் பிள்ளை அடிக்கிறது என்றாள் ஸ்ரீதேவி. அதெல்லாம் இல்லை, அடித்தே வளர்க்கவில்லை, அதனால்தான் அடிக்கிறது என்று நிகிலின் அப்பா இந்தியில் கத்தினார். அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை முற்றி, மேசையைத் தட்டத் தட்டப் பேனாக்கள் உருண்டு விழுந்தன. குனிந்து பேனாக்களைப் பொறுக்கி அடுக்கி வைத்தவள் பொன்செல்விதான். அந்த அறையில் மரியாதையாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான் என்பேன்.

கடைசியில் பிரின்சிபால், டிசி எழுதிவிடலாம் என்றார்.

தம்பி எழுந்து கைகூப்பினான். "சாப், நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. அதச் செய்யுதேன். டிசி மட்டும் வேண்டாம்" என்று இந்தியில் கெஞ்சினான்.

"ஒரு நாளாவது கையை ஓங்கியிருக்கிறாயா? இப்போதாவது கண்டி" என்றார் நிகிலின் அப்பா.

தம்பி என்னைப் பார்த்தான். அவன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. வேண்டாம்லே என்று வாயெடுப்பதற்குள் மகள் பக்கம் திரும்பி, டின் நிமிர்த்துகிற அந்தக் கையால் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டான். அவள் மேசைமேல் சாய்ந்ததில் பேனாக்கள் மறுபடி சிதறின.

பொன்செல்வி அழவில்லை. மூச்சுத் திணறியதில் கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. முகமெல்லாம் மலர அவன் பக்கம் திரும்பி, "டீ வந்துட்டாப்பா?" என்றாள். பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

தம்பி நாற்காலியில் விழுந்து முகத்தை மூடிக்கொண்டான்.

ஸ்ரீதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எந்த டீ, குழந்தே?"

முதுகில் பட்டால் டீ என்று பொன்செல்வி பொறுமையாக விளக்கினாள். பள்ளிக்கூடத்தில் டீ கிடையாது, ஆகையால் சாப்பாட்டு டப்பா. நிகிலுடைய அப்பா டப்பா கொண்டுவந்து வெளியே நின்றாராம், வகுப்பில் அறுபது பிள்ளைகளும் கத்துகிற கத்தலில் வாயால் சொன்னால் கேட்காது, அதனால் டஸ்டர். சாப்பாட்டு வரிசைக்கும் அதே கணக்கு.

"அப்போ முட்டில பட்டா?" என்றாள் ஸ்ரீதேவி. தன் முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"சேட் வாராருன்னு அர்த்தம் மிஸ். டீச்சர் மொபைல் பாத்துட்டு இருந்தாங்க, பிரின்சிபால் வந்துட்டாங்க. அதான் ரப்பர எறிஞ்சேன்."

பிரின்சிபாலுக்குத் தமிழ் தெரியாது. ஸ்ரீதேவி இந்தியில் மாற்றிச் சொன்னாள், டீச்சருடைய மொபைலை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டாள். நல்ல பெண். நிகிலின் அப்பா, தான் அன்றைக்கு டப்பா கொண்டுவந்தது உண்மைதான் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிரின்சிபால் டிசி புத்தகத்தை இழுப்பறையில் போட்டு மூடினார். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் மணியடித்து எல்லாருக்கும் டீ கொண்டுவரச் சொன்னார். டீ வந்ததும் பொன்செல்வி, நான் சொன்னேன்ல்லா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

இனி மிஸ் என்று வாயால் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குப் பழக்கினார்கள். ஆனால் அவளிடமிருந்து வகுப்பு முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாக ஸ்ரீதேவி பின்னாளில் சொன்னாள். பிரின்சிபால் வராந்தாவில் கால் வைத்தால் போதும், டீச்சர் முட்டியை நோக்கி ரப்பர் பறக்கிறதாம்.

அன்றைக்கு வெளியே வந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கமாக நடந்தோம். தம்பி, அடித்த கையைப் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்தவன் மாதிரி நடந்தான். எனக்கு அவன் பேரில் ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். பொன்செல்வி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எப்பா, அங்கன மெசின் இல்லல்லா. வாயாலயே கூப்பிட்டிருக்கலாம்ல்லா. இம்புட்டுப் பலமா கூப்பிட்டா வலிக்கிப்பா."

தம்பி ரோட்டோரத்தில் நின்றுவிட்டான். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. "செல்வி" என்றான். வாயால், மெதுவாக.

"என்னப்பா" என்றாள் அவள்.