சாயம் போட்ட மஞ்சள்

மஞ்சள், யானை விலை குதிரை விலை விற்ற மார்கழி அது. இறக்குமதி நின்றுபோய், வெள்ளவத்தைக் கடைகளில் தெரிந்த முகத்துக்கு மட்டும் உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மழையும் கடற்காற்றுமாக எங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் சளி, தடிமன். ரசத்துக்கு மிளகும் உள்ளியும் இருந்தன. மஞ்சள் விழாத ரசம் எனக்கு மருந்தாகவே படாது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு பைக்கற் வாங்கி வந்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி போட்டதும் பசையாகத் திரண்டது. வாசமே இல்லை. விரலில் பிடித்த நிறம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கோதுமை மாவும் சாயமும்! சளிக்கு நல்லதென்று இதையா பிள்ளைகளின் வயிற்றுக்குள் விடப் பார்த்தேன் என்று நினைக்கவே அருவருத்தது. கடைக்காரனைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினேன். ஆனாலும் வீசியெறிய மனம் வரவில்லை. ஒரு போத்தலில் கொட்டி மூடி வைத்தேன்.

அடுத்த கிழமை மன்னாரில் இருந்து வந்த மச்சாள் நல்ல கட்டி மஞ்சள் கொஞ்சம் தந்தாள். அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தேன்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்குப் பழைய நெஞ்சு வருத்தம். குளிர் தொடங்கினால் இருமல் விடாது. டொக்டரின் மருந்தோடு மஞ்சளும் மிளகும் போட்ட பாலும் குடித்தால்தான் மனிசன் கண்ணயருவார் என்றார். பாமன்கடை வரை அலைந்தும் மஞ்சள் கிடைக்கவில்லையாம். கொஞ்சம் இருந்தால் போதும் என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நல்லதில் ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். நான் அந்தப் போத்தலைத் தூக்கிக் கொடுத்தேன். அந்த மனிசனுக்குத்தான் டொக்டரின் மருந்து இருக்கிறதே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள் இல்லை அந்த அக்கா. மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து எனக்கே தடிமன் பிடித்தது. நான் தும்மிக்கொண்டு படியேறியது கேட்டு, அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் இருத்திவிட்டார். குசினியில் இருந்து ஒரு கோப்பைப் பால் வந்தது. கண்ணைக் குத்தும் மஞ்சள். ஓரத்தில் மா கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது.

“உம்மட மஞ்சள்தான் பிள்ளை. கடைசிக் கரண்டி கிடந்தது. இண்டைக்கு இவருக்கு இல்லாட்டிலும் காரியமில்லை, நீர் குடியும்.”

உள்ளறையில் அக்காவின் கணவர் இருமினார். இருமல் நிற்கவே இல்லை. கடைக்காரன் என்னை யாரென்று தெரியாமல் ஏமாற்றினான். நான் இந்த மனிசனின் நெஞ்சு வருத்தம் தெரிந்தே கொடுத்தேன். என்மேல் எனக்கு வந்த அருவருப்பு அந்தக் கடைக்காரன்மேல்கூட வந்ததில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கோப்பையை அந்த வாயருகே கொண்டுவந்தார்.

அடிவரை குடித்தேன். பசை தொண்டையில் நின்று நின்று இறங்கியது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“சுகமாக் கிடக்கு அக்கா,” என்றேன்.